பக்கத்துத் தறியும் நம் முழக்கோலும்

பொழுது சாய்ந்து தறியை விட்டு எழுந்த நெசவாளர் உடனே திண்ணையில் சாய்ந்துவிடுவதில்லை. தெருவில் நான்கு அடி நடந்து, அடுத்த வீட்டுத் தறியில் இன்று எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். காலையில் வயலுக்குச் செல்லும் உழவரும் அப்படியே. வரப்பின்மேல் நின்று அவர் முதலில் நோக்குவது தம் பயிரை அன்று. வாய்க்காலுக்கு அப்பால் நிற்கும் பங்காளியின் பயிரையே. அது தம்முடையதைவிடச் சற்றுக் கறுத்துச் செழித்திருந்தால், அன்றைய பொழுது அவருக்கு நன்றாக விடிவதில்லை.

இப்பழக்கத்தைக் குறை கூறுவது எளிது. பிறரைப் பார்த்துப் பெருமூச்சு விடாதே, உன் வேலையைப் பார் என்று அறிவுரை கூறாத பெரியவர் இல்லை. அதைக் கேட்டு அப்பழக்கத்தை அடியோடு விட்டவரும் இல்லை. ஒப்பிடுவதை நிறுத்திவிட மனிதரால் இயலாது. ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம், எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறோம் என்பவற்றைத் திருத்திக்கொள்ள இயலும். கூட்டுறவாளருக்கு இது வெறும் மன அமைதி பற்றிய செய்தி அன்று. சங்கங்கள் நலிவடைவது முதல் போதாமையால் மட்டும் அன்று; "அவருக்கு மட்டும் நல்ல பாவு கிடைக்கிறது", "அவருடைய நெல்லை மட்டும் ஈரம் பாராமல் எடுத்துக்கொண்டார்கள்" என்னும் முணுமுணுப்பினாலும் நலிவடைகின்றன. அம்முணுமுணுப்பு எங்கே பிறக்கிறது, அதை எவ்வாறு தீர்க்கலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பிடுவது ஏன்?

1954ஆம் ஆண்டில் லியான் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இதுபற்றி ஒரு கொள்கையை வெளியிட்டார். தன் திறமை எத்தகையது, தன் கருத்துச் சரியானதா என்று அறிய வேண்டும் என்னும் வேட்கை மனிதரிடம் இயல்பாகவே உண்டு. அதை அறிய நேரான அளவுகோல் இருந்தால் அவர்கள் அதைக் கொண்டு அளந்துகொள்வார்கள். அத்தகைய அளவுகோல் இல்லாத இடத்தில் பிற மனிதரையே அளவுகோலாகக் கொள்வார்கள். அவ்வாறு கொள்ளும்போதும், தம்மைவிட மிக உயர்ந்தவரையோ மிகத் தாழ்ந்தவரையோ நாடுவதில்லை. தமக்கு நெருங்கிய நிலையில் உள்ளவரையே நாடுவார்கள். இவை அக்கொள்கையின் சாரம்.

நம் அனுபவமும் இதையே கூறுகிறது. பெரிய ஆலை முதலாளியின் மாளிகையைக் கண்டு நாம் தூக்கம் இழப்பதில்லை. நம்மோடு ஒரே நாளில் சங்கத்தில் சேர்ந்து, ஒரே தெருவில் குடியிருக்கும் ஒருவர் வீட்டுக்கு மாடி எடுத்தால்தான் மனம் அலைகிறது. திருவள்ளுவர் அழுக்காறாமையைக் கூறிய அதிகாரத்தை அடுத்து, பிறர் பொருளை விரும்பாமையைக் கூறும் வெஃகாமையை வைத்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பிறருடைய ஆக்கத்தைக் கண்டு புழுங்குவதும் பிறருடைய உடைமையை விரும்புவதும் அடுத்தடுத்த வீடுகள் போன்றவை. முன்னதில் நெடுநாள் குடியிருந்தவர் பின்னதற்குக் குடிபெயர வெகு நேரம் ஆவதில்லை.

தறியில்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஒரு நாடாச் சேலை ஓடுகிறது. ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தடையின்றிச் சென்று திரும்புகிறது. மற்றொன்றில் கோர்வைச் சேலை ஓடுகிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒவ்வோர் ஊடையிலும் நூலை நூலோடு கோத்து வாங்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க மற்றொரு கையும் தேவைப்படும். முதல் தறிக்காரர் ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஐந்து சேலை அறுத்துக் கொடுக்கிறார், இரண்டாமவர் இரண்டே சேலை அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலையின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், இரண்டாமவரைச் சோம்பேறி என்பார். ஒரு சேலையின் கூலியை மட்டும் பார்ப்பவர், முதலாமவருக்கு அநீதி நடக்கிறது என்பார். இரண்டும் தவறு. வேலையின் தன்மையையும் அதற்குச் சென்ற நாட்களையும் உதவிக் கையின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி இருவரையும் ஒப்பிட இயலாது.

பருத்தித் தறியிலும் இதே நிலைதான். 40ஆம் நம்பர் நூலில் நெய்பவரும் 100ஆம் நம்பர் நூலில் நெய்பவரும் மீட்டர் கணக்கில் போட்டியிடுவது பொருந்தாது. மெல்லிய நூலில் அங்குலத்துக்கு விழ வேண்டிய ஊடை கூடும். நூல் அறுபட்டால் முடிபோடக் கண்ணும் விரலும் கூடுதலாக உழைக்க வேண்டும். நூலை எண்ணும் கண்ணாடியைத் துணியின்மேல் வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அந்தச் சிறு கண்ணாடி ஒருவர் பக்கமும் சாய்வதில்லை. ஆனால் அதை எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

வயலில்

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பது பழமொழி. நெல் வயலில் இது சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது, நட்டமும் விளைவிக்கிறது. பக்கத்து வயல் கூடுதல் பச்சையாகத் தோன்றினால், அவர் இரண்டு மூட்டை யூரியா போட்டிருப்பார் என்று எண்ணி நாம் மூன்று மூட்டை போடுகிறோம். நம் பயிர் கறுத்ததைக் கண்டு அவர் மேலும் ஒரு முறை தூவுகிறார். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் பயிர் மென்மையாகிக் குலைநோய்க்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். பொன்னி போன்ற உயரமான இரகங்கள் கதிர் முற்றும் வேளையில் சாய்ந்தும் விடும். இருவரும் பணம் செலவிட்டு, இருவரும் விளைச்சல் இழக்கின்றனர். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். இங்கே பூனையைப் பார்த்துப் பூனையே சூடு போட்டுக்கொள்கிறது.

இதற்கு மாற்றாக ஓர் எளிய கருவி நம்மிடம் உண்டு. அது இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும் பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட கைப்பிடி அளவான அட்டை அது. நட்ட 14ஆம் நாள் தொடங்கிப் பயிர் பூக்கும் வரை, 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வயலில் இறங்கிப் பத்துச் செடிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் நன்றாக விரிந்த மேல் இலையை, நம் உடலின் நிழலில் வைத்து, அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற இரகங்களுக்கு 4 என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ அவ்வெல்லைக்குக் கீழ் வெளுத்திருந்தால்தான் தழைச்சத்து இட வேண்டும், இல்லையேல் காத்திருக்கலாம். ஒப்பிடும் வேலையை இவ்வட்டை நிறுத்திவிடவில்லை. பங்காளியின் வயலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த நம் பயிரை, அதன் தேவையோடு ஒப்பிடச் செய்கிறது.

விளைச்சலை ஒப்பிடும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். தலைமடையில் நீர் பாயும் நிலத்தோடு கடைமடை நிலத்தை ஒப்பிடுவதும், ஏறக்குறைய 110 நாளில் அறுவடையாகும் குறுவையோடு மேலும் ஒரு மாதம் நிலத்தில் நிற்கும் சம்பாவை மூட்டைக் கணக்கில் மட்டும் ஒப்பிடுவதும் நேர்மையான கணக்கு ஆகா. நிலம், நீர், நாள், செலவு ஆகிய நான்கையும் சேர்த்து எழுதிப் பார்த்தால், மூட்டை குறைந்தவர் கையில் மிச்சம் கூடியிருப்பதும் உண்டு.

வீட்டில்

தறிக்கும் வயலுக்கும் அளவுகோல் உண்டு. இல்வாழ்க்கைக்கு அத்தகைய கோல் இல்லை. ஆகவே ஒப்பீடு மிகுந்த தீங்கு செய்வது இங்கேதான். எதிர் வீட்டில் மகளின் திருமணத்துக்கு எத்தனை பந்தி நடந்தது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக வாங்கிய கடனும், அதற்கு மாதந்தோறும் கட்டும் வட்டியும் அவ்வீட்டுச் சுவருக்குள்ளேயே இருக்கும். நாம் நம்முடைய வரவையும் கடனையும் முழுமையாக அறிந்திருக்கிறோம். பிறருடைய செலவை மட்டும் பார்க்கிறோம். நம் பேரேட்டின் இரு பக்கங்களையும் பிறர் பேரேட்டின் ஒரு பக்கத்தையும் வைத்து ஒப்பிட்டால் நாம் எப்போதும் தாழ்ந்தவராகவே தோன்றுவோம்.

இதன் முடிவைச் சங்க அங்கத்தினர் பலரும் கண்டிருப்பார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை மறந்து திருமணக் கடன் வாங்கிய ஒருவர், அக்கடனுக்காகத் தனி வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறார். முன்பணம் பெற்றதால் சேலையை அவரிடமே கொடுக்க நேரிடுகிறது. சங்கத்தின் பாவு அவர் தறியிலிருந்து இறங்கிவிடுகிறது. ஒரு நாள் பந்தியில் பெற்ற மதிப்புக்காகப் பல ஆண்டு உழைப்பின் உரிமையை விட்டுக்கொடுக்கும் நிலை இவ்வாறு உண்டாகிறது. அவர் பேராசைக்காரர் அல்லர். தெருவில் தலைகுனியக் கூடாது என்று எண்ணியவர், அவ்வளவே.

மனநிறைவு நீதிக்குச் சான்று ஆகாது

இவ்வளவும் கூறியதால், உள்ளதே போதும் என்று அனைவரும் வாய்மூடி இருக்க வேண்டும் என்பது கருத்து அன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் பல அநீதிகள் வெளிப்படுகின்றன. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் கொடுக்கப்படுவதை ஒப்பிடாமல் எவ்வாறு அறிவது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரரின் மனநிலையைச் சாமுவேல் ஸ்டௌஃபர் என்னும் சமூகவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1949ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதில் ஒரு வியப்பான செய்தி இருந்தது. விமானப் படையில் பதவி உயர்வு விரைவாகக் கிடைத்தது. இராணுவப் போலீஸ் பிரிவில் அது அரிதாகவே கிடைத்தது. ஆயினும் பதவி உயர்வு முறைபற்றி மிகுந்த குறை கூறியவர் விமானப் படையினரே. தம்மைச் சுற்றியுள்ளவர் பலர் உயர்ந்துவிட்டதைக் கண்டு, உயராதவர் மனம் நொந்தனர். போலீஸ் பிரிவிலோ உயர்ந்தவர் மிகச் சிலரே ஆனதால், உயராதவர் அவ்வளவாக நோகவில்லை.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்கள் கற்கலாம். சங்கம் வளர்ந்து பலர் முன்னேறும்போது மனக்குறை கூடுவது இயல்பு. அதைக் கண்டு நிர்வாகிகள் நன்றியில்லாதவர்கள் என்று அங்கத்தினரைக் கடிந்துகொள்ளலாகாது. மற்றொன்று, எங்கும் முணுமுணுப்பே இல்லை என்பதால் அங்கே எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று கொள்ளவும் கூடாது. ஒப்பிட யாரும் இல்லாததால் வந்த அமைதியாக அது இருக்கலாம்.

காரணம் கண்ணுக்குத் தெரிந்தால்

அப்படியானால் பொறாமைக்கும் நியாயமான குறைக்கும் வேறுபாடு காண்பது எவ்வாறு? நம் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு வழி காட்டுகிறது. எமிலி பிரெசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசானி ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் ஒடிசாவில் சிறு உற்பத்தி வேலைகளில் அமர்த்தப்பட்ட தொழிலாளரிடையே ஒரு மாத காலம் ஆய்வு நடத்தி, 2018ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். தொழிலாளர் மூவர் மூவராகப் பிரிக்கப்பட்டனர். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே நாள் கூலி. சில குழுக்களில், தொடக்கத்தில் கண்ட வேலைத்திறனுக்கு ஏற்ப மூவருக்கும் வெவ்வேறு கூலி. பெற்ற கூலி அதே தொகையாக இருந்தபோதிலும், வேறுபாடு இருந்த குழுக்களில் உற்பத்தி குறைந்தது. வேலைக்கு வருவது 100க்கு 18 என்ற அளவில் குறைந்தது. தமக்கு நன்மை தரும் செயல்களில்கூட ஒருவரோடொருவர் ஒத்துழைக்க முடியாத நிலை உண்டாயிற்று. நாள் செல்லச் செல்ல இக்கேடு தணியவில்லை, வளர்ந்தது.

ஆனால் யார் எவ்வளவு வேலை செய்தார் என்பதை அனைவரும் எளிதில் பார்க்கக்கூடிய வேலைகளில், கூலி வேறுபாடு இருந்தும் இக்கேடு எதுவும் புலப்படவில்லை. கூடுதல் வேலை செய்தவர் கூடுதல் பெற்றார் என்பதை மற்றவர் ஏற்றுக்கொண்டனர்.

கூட்டுறவாளர் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. மனிதரை வருத்துவது வேறுபாடு மட்டும் அன்று. காரணம் தெரியாத வேறுபாடு. ஐந்து விரலும் ஒன்றாக இல்லை என்பதை எவரும் ஏற்பர். எந்த விரலுக்கு ஏன் மோதிரம் என்பதை மறைத்தால்தான் கை ஒன்றுசேர மறுக்கிறது.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு இரகத்துக்கும் கூலி எவ்வளவு, அது எந்தக் கணக்கின்படி வந்தது என்பதைச் சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நூலின் நம்பர், அங்குலத்துக்கு ஊடை, கரை வேலை, உதவிக் கை ஆகியவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் பாதி முணுமுணுப்பு அங்கேயே அடங்கிவிடும்.

இரண்டாவதாக, பாவும் ஊடையும் வழங்கும் வரிசையைப் பதிவேட்டில் எழுதி, விரும்பும் அங்கத்தினர் பார்க்க வைக்க வேண்டும். சேலையைத் தரம் பார்த்துக் கூலி குறைக்க நேர்ந்தால், நெய்தவர் முன்னிலையிலேயே கண்ணாடி வைத்துக் காட்டிக் குறைக்க வேண்டும். நெல் கொள்முதலில் எடையும் ஈரப்பதமும் விவசாயியின் கண்முன் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, சராசரியை வெளியிடுவதில் கவனம் வேண்டும். கலிபோர்னியா மாநிலத்துச் சான் மார்கோஸ் நகரில் ஏறக்குறைய 300 வீடுகளுக்கு, அக்கம்பக்கத்தார் சராசரியாகச் செலவிடும் மின்சாரத்தின் அளவை அறிவித்துப் பார்த்தனர். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவின்படி, மிகுதியாகச் செலவிட்டவர் குறைத்துக்கொண்டனர். ஆனால் முன்பே சிக்கனமாக இருந்தவர், நாம் மட்டும் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று எண்ணினார்களோ என்னவோ, தம் செலவைக் கூட்டிவிட்டனர். சிக்கனமானவருக்கு அனுப்பிய தாளில் பாராட்டாக ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியபோது அவர்கள் தம் நல்வழக்கத்தைக் கைவிடவில்லை. சங்கத்தில் தரம், சேமிப்பு, கடன் திருப்பம் ஆகியவற்றின் சராசரியைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். சராசரிக்குக் கீழ் உள்ளவரைச் சுட்டுவதோடு நின்றுவிடாமல், மேலே உள்ளவரை நாலு பேர் அறியப் பாராட்டவும் வேண்டும். இல்லையேல் நல்லவரும் நடுவுக்கு இறங்கி வருவர்.

இவை புதிய வழிகள் அல்ல. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஆலை நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றும், ஆதாயத்தை அவரவர் கடையில் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பகிர்வது என்றும் விதி வகுத்துக்கொண்டனர். மதிப்பில் அனைவரும் சமம். பங்கில் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டின் காரணம் கணக்குப் புத்தகத்தில் எவரும் பார்க்கக்கூடியது. ஒப்பிடும் மனத்தை மாற்ற அவர்கள் முயலவில்லை. ஒப்பிட்டாலும் கசப்பு விளையாத ஓர் அமைப்பை உண்டாக்கினர். உலகெங்கும் கூட்டுறவு இயக்கம் அந்த அடிப்படையின்மேல்தான் எழுந்தது.

அங்கத்தினர் செய்யத்தக்கது

அங்கத்தினராகிய நமக்கும் கடமை உண்டு. பக்கத்துத் தறியைப் பார்த்து மனம் வாடும்போது மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். அவருடைய வேலையும் நம்முடைய வேலையும் ஒரே வகைதானா? அவருடைய பேரேட்டின் இரு பக்கங்களையும் நாம் பார்த்தோமா? நம் குறையைப் பொதுப்பேரவையில் எழுந்து நின்று, கணக்கோடு கூற நம்மால் இயலுமா? மூன்றாவது கேள்விக்கு இயலும் என்று விடை வந்தால், அது பொறாமை அன்று. சங்கத்தின் நன்மைக்கான குறை. அதைத் திண்ணையில் கூறாமல் பேரவையில் கூறுவது நம் உரிமை மட்டும் அன்று, கடமையும் ஆகும். இயலாது என்று விடை வந்தால், அதை மனத்திலேயே கரைத்துவிடுவது நல்லது.

மற்றோர் ஒப்பீடும் உண்டு. அதைச் செய்ய நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சென்ற ஆண்டு நாம் அறுத்த சேலையில் எத்தனை இழை அறுந்திருந்தது, இவ்வாண்டு எத்தனை? சென்ற போகத்தில் ஏக்கருக்கு உரச் செலவு எவ்வளவு, இப்போகத்தில் எவ்வளவு? இவ்விரு கணக்கையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வருபவர், நேற்றைய தம்மோடு இன்றைய தம்மை ஒப்பிடுகிறார். அந்த நோட்டில் இரு பக்கங்களும் அவருக்குத் தெரியும்.

நாளை மாலையும் நாம் தெருவில் நான்கு அடி நடந்து பக்கத்துத் தறியைப் பார்க்கத்தான் போகிறோம். பார்ப்போம். பார்த்ததும் திரும்பிவிடாமல், "இந்தக் கரையை எப்படி வாங்கினீர்கள், அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அவர் சொல்லிக் கொடுத்தால் நம் தறியும் ஓடும். இரு வீட்டுச் சேலையும் நம் சங்கத்தின் பெயரில்தான் விலைபோகும்.